பிளேன்ரீயும் 24 யூனிட் கரண்டும்

"மாமா, ஹைபிரிட்டுக்கு எங்க சார்ஜ் போடுறது?" கல்லடிப் பாலத்தடித் தேநீர்க் கடையில் ஓட்டோக்காரத் தம்பி கேட்டான்.

எங்கேயும் போடுவதில்லை மனே. சாதாரண ஹைபிரிட்டுக்குச் சோறு பெற்றோல்தான். பிரேக் பிடிக்கையில் வீணாகிற வேகத்தை மோட்டார் கரண்டாக்கிப் பற்றரியில் சேர்க்கும். மறுகா வண்டி கிளம்பும்போது எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் நின்று நின்று ஓடும் நகரத்துக்குள் அதன் சிக்கனம் தெரிகிறது. ரொயோட்டா அக்குவாவின் பற்றரியில் ஒரு யூனிட்கூட அடங்காது. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். முதலில் வந்த நிசான் லீஃபில் 24 யூனிட். அது முழுக் கரண்ட் கார், வீட்டில் செருக வேண்டும்.

"அந்த லீஃப் இப்ப அவ்வளவா காணல்லயே?"

முதற்காரணம் வரி. 2015இல் வரி குறைந்திருந்தபோது யப்பானில் பாவித்த லீஃப்கள் கப்பல் கப்பலாக வந்தன. வரி ஏறியதும் வரத்து அடங்கியது. லீஃபின் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டலும் இல்லை. நம் வெக்கையில் சீக்கிரம் களைத்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தபோது கரண்ட் வண்டிக்கு ஏங்கினோம், வாங்க வழியில்லை. 2025 பெப்ரவரியில் கதவு திறந்து பீவைடி கார்கள் இறங்கின. வரியோ மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துத்தான்; 100ஆ 150ஆ என்று சுங்கம் மறித்தது, விவகாரம் நீதிமன்றம் போயிற்று. இந்தத் தொழிலின் நாடி பிடிக்க வர்த்தமானியைத்தான் புரட்ட வேண்டும்.

வேகா என்ற இலங்கை நிறுவனம் சொந்தமாக ஓர் அதிவேகக் கரண்ட் கார் செய்து காட்டியது. பெருமைதான், நானும் நீயும் ஏறப்போவதில்லை. எனக்கு ஆசை, பெற்றோல் ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி மோட்டார் பூட்டுகிற வேலையில். காத்தான்குடி, ஏறாவூர் கராஜ்காரருக்குக் கைவரக்கூடியது அது. வாவியோரம் ஏற்றமில்லாத தரை, பற்றரிக்குச் சுகம். உப்புக்காற்றுக்குத்தான் இணைப்புகளைப் பொத்தி வைக்க வேண்டும்.

"கரண்டுக்கு எங்க போறது மாமா?"

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியத் தகடு வைத்தவர்களைப் பகல் மூன்று மணி வரை அதை நிறுத்திவைக்கக் கேட்டது மின்சார சபை. வெயில் நிறைய, பாவனை குறைவு. மிச்சக் கரண்டை வைக்க இடமில்லை. இராத்திரி சார்ஜ் போட்டால் நுரைச்சோலை நிலக்கரியை எரிக்கிறோம். உச்சி வெயிலில் போட்டால், நிறுத்தச் சொன்ன அந்தக் கரண்ட் வண்டிக்குள் போகும்.

தம்பி கிளாசை வைத்தான். "மத்தியானம் நான் வாகை மரத்தடியில சும்மா நிக்கிற நேரம்தானே? பற்றரி என்ன விலை வரும் மாமா?"