பிரித்தால் கைக்கணினி, பூட்டினால் மடிக்கணினி

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் இரயிலை அறியாத தங்கவயல்காரர் இருக்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, நம் ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் பிழைப்பைத் தேடி ஏறுவது இந்தத் தடத்து இரயில்களில்தான். சாம்பியன், கோரமண்டல், உரிகம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் சேரும். பங்காருப்பேட்டை தாண்டினால் நிற்பதற்கும் இடம் இராது. ராபர்ட்சன்பேட்டையில் பிறந்த நானும் அக்கூட்டத்தில் ஒருவன். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அவ்வளவு நேரம். இளங்கலையில் நான் கற்றவற்றில் பாதி இரயிலிலே கற்றது என்றால் அது மிகையன்று.

அந்தப் படிப்புக்குத் துணையாக இருந்தது ஒரு சிறு கருவி. திரையைப் பிடித்து இழுத்தால் விசைப்பலகையினின்று கழன்று கைக்கணினி ஆகும். மீண்டும் பொருத்தினால் மடிக்கணினி ஆகும். கடைகளில் இதனை 'டூ இன் ஒன்' என்கிறார்கள். நான் 'கழற்றுக் கணினி' என்று அழைக்கிறேன். இதைவிட நல்ல பெயர் தெரிந்த தமிழ் மாணவர்கள் சங்கத்துக்கு எழுதலாம். 2021-ஆம் ஆண்டு, வகுப்புகளெல்லாம் தொலைபேசித் திரையில் நடந்துகொண்டிருந்த காலத்தில், என் தந்தையார் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு இதைப் பழையதாக வாங்கி வந்தார். பத்து அங்குலத் திரை, இரண்டு ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. சேமிப்பு. இவ்வாண்டு என் தங்கை கல்லூரியில் சேர்கிறாள். "அண்ணா, எனக்கும் உன்னுடையது மாதிரியே ஒன்று வேண்டும்" என்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை நண்பர்களாகிய உங்கள் முன்னும் வைக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

இந்த இனத்தின் வரலாறு நீண்டதன்று. 2011-இல் ஆசுஸ் நிறுவனம் ஆண்ட்ராய்டில் இயங்கும் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் கைக்கணினியை விசைப்பலகையோடு பொருத்தும்படி அமைத்தது. அந்தப் பலகைக்குள்ளும் ஒரு மின்கலம் இருந்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட், முதுகில் மடிந்து நிற்கும் முட்டுடன் 'சர்ஃபேஸ்' கருவியைக் கொண்டுவந்தது. 2013-இல் வந்த ஆசுஸ் டி100 முழு விண்டோஸையும் மலிவு விலையில் இயக்கிக் காட்டியது. நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் 2015-இல் 'கேன்வாஸ் லேப்டேப்' என்பதை 14,999 ரூபாய்க்கு விற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கணினி கைக்கெட்டும் என்ற நம்பிக்கையை இவை தந்தன. அந்த நம்பிக்கை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மலிவு எங்கே பிடிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும் அன்றோ?

முதலில் எடைக் கணக்கு. சாதாரண மடிக்கணினியில் மூளையாகிய சில்லு, மின்கலம், சேமிப்பு யாவும் விசைகளுக்கு அடியில் இருக்கின்றன. திரை வெறும் மூடி, இலேசானது. கழற்றுக் கணினியில் அத்தனையும் திரையின் பின்னால் போய் அமர்ந்துவிடுகின்றன. அங்கே இல்லாவிட்டால் கழற்றிய திரை தனியே இயங்காது. ஆகவே அடி இலேசு, தலை கனம்.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். திரைப்பகுதி 600 கிராம். விசைப்பலகை 300 கிராம். இரண்டும் 17 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை நேர்க்குத்திலிருந்து 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. கீல் இருக்கும் பின்விளிம்பே தராசின் முள். விசைப்பலகையின் எடைமையம் கீலுக்கு முன்னால் 8.5 சென்டிமீட்டரில் இருக்கிறது; 300-ஐ 8.5-ஆல் பெருக்க 2,550. திரையின் எடைமையம் கீலுக்குப் பின்னால் 4.25 சென்டிமீட்டரில் விழுகிறது, 600-ஐ 4.25-ஆல் பெருக்க, அதுவும் 2,550! தராசு சமனில் நிற்கிறது. இன்னும் ஒரு பாகை சாய்த்தாலும், திரையை விரலால் ஒருமுறை தொட்டாலும், கருவி மல்லாந்து விழும். விரலால் தொடுவதற்கென்றே செய்த திரை, தொட்டால் விழுகிறது!

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர். ஒரு கூண்டு கீழே போனால் மற்றொரு கூண்டு மேலே வரும், ஒன்றின் கனத்தை மற்றொன்று தாங்கிக்கொள்ளும் என்று கதை கதையாகச் சொல்வார். கருவி செய்வோரும் இந்த வித்தையைத்தான் கையாளுகிறார்கள். சிலர் விசைப்பலகைக்குள் கனத்தைக் கூட்டிவிடுகிறார்கள். டி100-இன் விசைப்பலகை ஏறக்குறைய அதன் திரை அளவுக்கே எடையுள்ளது. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவு சிறிய கணினிக்கு அது கனம்தான். சிலர் கீலை ஓர் அளவுக்கு மேல் சாயவிடாமல் தடுத்துவிடுகிறார்கள். சர்ஃபேஸ் வகையார் முதுகில் முட்டு வைத்தார்கள். மேசையில் இது மிக அழகாக நிற்கும். ஆனால் முட்டுக்கும் சேர்த்துத் தொடையில் இடம் வேண்டுமே! முன்னே விசைப்பலகை, நடுவே திரை, பின்னே முட்டின் கால். என் போன்ற குட்டையர்களின் தொடையில் இம்மூன்றும் அடங்குவதில்லை. மாலூர் நிலையத்தில் வண்டி குலுங்கி நின்றபோது, என் கருவி எதிரே அமர்ந்திருந்த பெரியவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதைத் துடைத்துக் கொடுத்து, "தம்பி, இதைக் கையில் பிடித்தே படி" என்றார். அன்று முதல் இரயிலில் விசைப்பலகையைப் பைக்குள் வைத்துவிடுவேன்.

கையில் பிடித்துப் படிப்பதென்றால் இக்கருவிக்கு நிகரில்லை. ஆய்வுக் கட்டுரைகள் நெடுக்குத் தாளில் அச்சாகின்றன. மடிக்கணினியின் அகலத் திரையில் அரைப் பக்கம்தான் தெரியும். கழற்றிய திரையை நிமிர்த்திப் பிடித்தால் முழுப் பக்கமும் தெரிகிறது. நின்றுகொண்டே படிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுக் குறிப்பைப் படம் பிடித்து உடனே பெரிதாக்கிப் பார்க்கலாம். விசிறி கிடையாது, ஆதலால் ஓசையும் இல்லை. நூலகத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னுடையது தொலைபேசிச் சார்ஜரிலேயே மின்னேறும். மூன்றாண்டு இளங்கலையை நான் முடித்ததில் இந்தக் கைக்கணினிப் பாதிக்கு நிறையப் பங்குண்டு.

எழுதுகோலால் திரையில் சமன்பாடு எழுதலாம் என்று விளம்பரம் சொல்லும். அதற்குத் திரையின் அடியில் எழுதுகோலை உணரும் தனி அடுக்கு இருத்தல் வேண்டும். மலிவுக் கருவிகள் பலவற்றில் அது இல்லை. இரப்பர் முனை கொண்ட குச்சியால் எழுதினேன். தொகைநுண்கணிதக் குறி புழுவைப்போல் நெளிந்தது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு. அந்த ஆசையை அன்றே விட்டேன்.

மற்றப் பாதியாகிய மடிக்கணினிக்கு வருவோம். விசிறி இல்லை என்றேன். அதற்கும் ஒரு விலை உண்டு. சாதாரண மடிக்கணினிச் சில்லு 15 வாட் அளவில் வெப்பத்தை வெளிவிட்டு வேலை செய்யும். மெல்லிய பலகைக்குள் விசிறியின்றி அவ்வளவு வெப்பத்தைப் போக்க வழியில்லை. ஆகவே இரண்டு மூன்று வாட்டில் ஓடும் சிறு சில்லை வைக்கிறார்கள். அதுவும் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கட்டுரை தட்டச்சு செய்ய இது போதும். நான் முதுகலையில் பைதானில் ஒரு கணக்கீட்டை ஓட்டிவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன். நண்பனுடைய மடிக்கணினியில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்த கணக்கு, என்னுடையதில் உணவு இடைவேளை வரை ஓடியது.

அதைவிடக் கொடிது சேமிப்பு. 32 ஜி.பி. என்று பெட்டியில் எழுதியிருக்கும். அதில் ஏறத்தாழப் பாதியை விண்டோஸே விழுங்கிவிடும். புதுப்பிப்பு வரும்போது அதற்கும் காலி இடம் வேண்டும். சேமிப்பும் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பிறகு பெரிதாக்கிக்கொள்ள வழியில்லை. திட்ட அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு என் கருவி புதுப்பிப்பைத் தொடங்கியது. இடமின்றிப் பாதியில் நின்றது. திரும்பத் திரும்பத் தன்னையே மூடித் திறந்துகொண்டிருந்தது. அறிக்கையின் படி ஒன்று மின்னஞ்சலில் இருந்தது, பிழைத்தேன். விடுதியில் ஒரு நண்பன் இரவு முழுதும் தன் கணினியைக் கொடுத்து உதவினான்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது நான்கு ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பும் வேண்டும். என் கருவிபோன்ற பழைய மலிவுக் கருவிகள் அந்த வாயிலுக்கு வெளியே நிற்கின்றன. லினக்ஸை ஏற்றிப் பார்க்கலாமே என்பீர்கள். அக்காலத்து அடோம் கருவிகள் பலவற்றில் சில்லு 64 பிட், தொடக்க நிரல் 32 பிட் என்ற பொருந்தாத் திருமணம் நடந்திருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் ஏற்றலாம். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இன்றும் ஒலிபெருக்கி பேசவில்லை.

பழுதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் திரை உடைந்தால் திரையை மட்டும் மாற்றலாம். இங்கே திரைக்குப் பின்னே ஒட்டியிருப்பது கணினியே. கண்ணாடியைப் பிரிக்கும்போது கை தவறினால் எல்லாம் போயிற்று. விசைப்பலகை கெட்டாலோ அதே வகைப் பலகைதான் பொருந்தும். அந்த வகை நின்றுவிட்டால் கிடைப்பது அரிது. புளூடூத் பலகையை வைத்து ஒப்பேற்றலாம், மடிக்கத்தான் இயலாது. நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று: காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேடுகளின் நுண்தூள் எங்கும் பறக்கும். திரையும் பலகையும் தொட்டுக்கொள்ளும் சிறு பித்தளை நிற ஊசிகளில் அது படிந்தால், விசைகள் திடீரென்று ஊமையாகிவிடும். பழைய பல்துலக்கியால் மெல்லத் துடைத்தால் பேசும்.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தபோது, எல்லைக்கு இப்பால் இருக்கும் நாங்கள் பெருமூச்சு விட்டோம். ஆயினும் அந்த 'அல்லது' என்ற சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. கழற்றுக் கணினி அந்தச் சொல்லை 'உம்' ஆக்குகிறேன் என்கிறது, கைக்கணினியும் மடிக்கணினியும். மலிவு விலையில் முதல் 'உம்' மெய், இரண்டாவது பாதி மெய். நாளில் அதிக நேரம் படிப்பவர்க்கு இது நல்ல துணை. அதிக நேரம் தட்டச்சும் கணக்கீடும் செய்பவர்க்கு, அதே பணத்தில் பழைய, கனத்த, அழகற்ற மடிக்கணினியே மேல். நான் முதுகலை சேர்ந்தபோதே அப்படி ஒன்றுக்கு மாறியிருக்க வேண்டும்.

தங்கை வரலாறு படிக்கப் போகிறாள். வாசிப்பு மிகுதி, தட்டச்சு கொஞ்சம். அதனால் அவள் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நான்கு ஜி.பி.க்கும் 64-க்கும் குறைந்ததைத் தொடாதே என்றேன். விசைப்பலகை விலையில் அடக்கமா என்று முதலில் கேள் என்றேன். 2020-இல் வந்த லெனோவோ டூயட் அதனைப் பெட்டியிலேயே கொடுத்தது, சர்ஃபேஸ் கோவுக்கோ அது தனி விலை. தமிழ்99 முறையில் ஒரு பக்கம் தட்டிப் பார். பத்து அங்குலப் பலகையில் விசைகள் நெருக்கம், உன் விரலுக்கு ஒத்துவருமா என்று தெரியும். பிறகு கடையிலேயே ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, கருவியைத் தொடையில் வைத்து, நன்றாகப் பின்னால் சாய்த்து, திரையை ஒருமுறை தட்டு. கடைக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினால், வேறு கடைக்குப் போகலாம். வருகிற சனிக்கிழமை இருவரும் இரயிலேறுகிறோம்.