மணலும் மனிதரும் – 17: பெயர் எழுதி வைத்த கொத்தர்

தம்மாமில் விமானம் ஏறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சவூதியின் கிழக்குக் கரையில் இருக்கும் ஜுபைலிலிருந்து ஒரே நாளில் அல் உலா போய்த் திரும்பும் பயணம். அல் உலா பக்கத்தில் இருக்கும் பழைய நகரமான ஹெக்ராவின் கிணறுகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு கல்லறை வாசலில் நின்றவன்தான், மனம் இன்னும் அங்கிருந்து நகரவில்லை.

கிளம்பிய இடத்தைப் பற்றி இரண்டு வரி. தம்மாம் விமான நிலையத்தின் நிலப்பரப்பு 776 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ பஹ்ரைன் நாட்டின் அளவு. அங்கிருந்து மேலே எழும்பி மேற்கே போனால் தஹ்னா மணல்வெளி வருகிறது. வடக்கே நஃபூத், தெற்கே ருப் அல் காலி என்ற இரண்டு பெரும் பாலைகளை இணைத்துக்கொண்டு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் செம்மணல் பட்டை அது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் ஒரு பக்கம் செம்பு நிறம், மறுபக்கம் நிழல். இறங்கும் நேரம் நெருங்கினால் கறுத்த எரிமலைப் பாறை மேடுகள். அவற்றுக்கு இடையே தேன் நிறத்தில் மணற்கல் குன்றுகளும், பேரீச்சந்தோப்பு பச்சைக் கோடாக ஓடும் பள்ளத்தாக்கும். அதுதான் அல் உலா. கிழக்குக் கரை வணிகர்கள் இதே பாலையை ஒட்டகத்தில் கடந்து, ஹெக்ராவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த நபத்தேயர்களின் நாட்டுக்கு நறுமணப் பொருள் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு அது வாரக்கணக்கான பயணம். எங்களுக்கு ஒரு காலைப்பொழுது.

அல் உலாவில் முதலில் பார்த்த யானைப் பாறையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 52 மீட்டர் உயரம். தும்பிக்கையை மண்ணில் ஊன்றி நிற்கும் யானையேதான். காற்றும் நீரும் அரித்துச் செய்த உருவம், மனிதக் கை பட்டதில்லை. எனக்கு மனிதக் கை பட்ட கல்தான் வேண்டியிருந்தது.

அது ஹெக்ராவில் கிடைத்தது. மதாயின் சாலிஹ் என்றால் இங்கே பலருக்கும் தெரியும். சவூதியிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில் சேர்ந்த இடம் இதுதான்; ஆண்டு 2008. இங்கே வழிகாட்டிகளை ‘ராவி’ என்கிறார்கள். கதை சொல்பவர் என்று பொருள். எங்களுக்கு வந்த ராவி ஓர் இளம் சவூதிப் பெண். முதலில் இத்லிப் மலைக்கு அழைத்துப் போனார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஸீக் என்ற சந்து, 40 மீட்டர் நீளம் இருக்கும். வெளியே முகத்தில் அறைந்த வெயில், உள்ளே போனதும் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் சின்னச் சின்ன மாடங்கள். நம் ஊரில் விளக்கு வைக்கும் பிறை மாதிரி. உள்ளே விளக்கு இல்லை, சிலை இல்லை; நிமிர்ந்து நிற்கும் வெறும் கல். நபத்தேயர்களுக்கு அதுதான் தெய்வம்.

பிறகு கல்லறைகள். மொத்தம் 111, அவற்றில் 94 செதுக்கு வேலை உள்ளவை. தனிப் பாறையில் தனியாக நிற்கும் கஸ்ர் அல் ஃபரீதின் முன்னால் பஸ் நின்றது. நாலு மாடி உயர முகப்பு. என்னோடு வந்த பைப்பிங் ஃபோர்மேன் அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அண்ணாந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“தம்பி, இம்புட்டு உசரத்துக்குச் சாரம் எப்படிக் கட்டியிருப்பான்? இங்க மரமே இல்லியே!”

“சாரமே கட்டலை அண்ணாச்சி. உச்சியில ஒரு மேடை வெட்டி, அதுல நின்னுக்கிட்டே கீழ இறங்கி வந்திருக்காங்க. கீழ பாருங்க, முடிக்காம விட்டிருக்கு.”

“அப்போ நம்ம கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரில்லா இருக்கு!”

அவர் சொன்னது அப்படியே சரி. கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சிற்பிகளும் மலையை உச்சியிலிருந்துதான் குடைந்து இறங்கினார்கள். மேலே விமானம் முழுமை, அடியில் வேலை மிச்சம். தகப்பன் சிற்பி மகனைக் கொன்றதால் கோயில் நின்றுபோனது என்ற கதையை அண்ணாச்சி ராவியிடம் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அந்தப் பெண் கண் கலங்கக் கேட்டார். பிறகு, “உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன்” என்று இன்னொரு கல்லறைக்கு அழைத்துப் போனார். நான் நின்றுவிட்டேன் என்றேனே, அந்த வாசல் இதுதான்.

கதவுக்கு மேலே சதுரமாக ஒரு பலகை, அதில் வரிசையாக நபத்தேய எழுத்து. இன்றைய அரபி எழுத்துக்குத் தாய் அது. ஹெக்ராவில் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் இப்படிப்பட்ட சாசனங்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பத்திரம் போலவே இருக்கின்றன. கல்லறை யாருடையது, யார் யார் அடக்கமாகலாம், விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, மீறினால் தெய்வத்துக்கும் அரசனுக்கும் இவ்வளவு அபராதம். கம்கம் என்ற பெண்ணின் சாசனத்தை ராவி எடுத்துச் சொன்னார். தனக்கும் தன் மகள் குலைபாவுக்கும் அவர்கள் சந்ததிக்கும் அவள் வெட்டச் செய்த கல்லறை. ஹாரிதாத் அரசனின் 9ஆம் ஆட்சியாண்டு என்று தேதி போட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்தாள், மகளுக்கு எழுதி வைத்தாள்.

அதைவிட என்னை உலுக்கியது கடைசி வரி. கல்லை வெட்டிய கொத்தரின் பெயர் அதில் இருக்கிறது: அப்தொபோதத்தின் மகன் வஹ்பல்லாஹி. வேறொரு கல்லறையில் அஃப்தாஹ் என்ற கொத்தர். அவரும் ஓர் அப்தொபோதத்தின் மகன்தான். காசு கொடுத்தவரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறதோ, வேலை செய்தவரின் பெயரும் அதே கல்லில், தகப்பன் பெயரோடு.

நம்மிடமும் இது உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலிய கல்தச்சர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கடற்கரைக் கோயிலில் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேர் பூஞ்சேரி போகிறார்கள்?

நான் ஜுபைலில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். குழாயில் ஒரு ஜாயிண்ட் முடிந்ததும் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதுவார்கள்: ஜாயிண்ட் எண், தேதி, வெல்டர் எண். பெயர் கிடையாது, எண்தான். எக்ஸ்ரே எடுத்து, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, ராக்வுல் சுற்றி அலுமினியத் தகடு அடித்து மூடிவிடுவார்கள். அத்தோடு அந்த எண்ணும் கண்ணுக்கு மறையும். 1975இல் ராயல் கமிஷன் அமைந்த பிறகு, மீன்பிடி ஊராக இருந்த ஜுபைலின் பக்கத்தில் இந்தத் தொழில்நகரம் எழுந்தது. இதன் குழாய்களை ஒட்டியவர்களில் திருச்சிக்காரர்களும் ராமநாதபுரத்துக்காரர்களும் நெல்லைக்காரர்களும் எத்தனையோ பேர். ஷட்டவுன் காலத்தில், ஆகஸ்ட் வெயிலில், டேங்குக்குள் படுத்தபடி வெல்டிங் வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

சாயந்தரம் திரும்பும் விமானத்தில் அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. தஹ்னாவைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நான் 26 வருஷமா இங்க இருக்கேன். எந்தெந்த பிளான்ட்ல வேலை பார்த்தேன்னு எம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பா சவூதியில இருக்காருன்னு மட்டும்தான் தெரியும்.”

கிணறுகள் அடுத்த வாரம் நிச்சயம். ஹெக்ராவில் மட்டும் ஏறத்தாழ 130 இருக்கின்றன. அவற்றை அவசரமாகச் சொல்லி முடிக்க முடியாது.

அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வளைகுடாவில் உழைத்த ஒருவர் இருந்தால் இந்த வாரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், எந்த பிளான்ட், எந்த வருடம், என்ன வேலை என்று கேளுங்கள். ஒரு நோட்டில் அவர் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.