நிலத்தடி நீர்: கணக்கு வேண்டிய கூட்டு முதல்

கூட்டு வியாபாரத்தில் பங்காளிகள் ஆளுக்காள் கணக்கெழுதாமல் இருப்பை எடுத்தால் கடை எத்தனை நாளைக்கு ஓடும்? நிலத்தடி நீரும் அத்தகைய பொது இருப்புத்தான்.

ஜோர்தானும் சவூதி அரேபியாவும் எல்லைக்குக் கீழே ஒரே நீரைப் பகிர்கின்றன. ஜோர்தானில் அதன் பெயர் டிஸி; சவூதியில் ஸாக். அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. செலவு உண்டு, வரவு மிகச் சொற்பம். சவூதி தன் பக்கத்தில் கோதுமை விளைவித்தது. ஜோர்தான் 2013 முதல் அம்மான் நகருக்குக் குடிநீர் கொண்டுசெல்கிறது. 2015இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து, எல்லையோரப் பாதுகாப்பு வலயத்தில் நீர் எடுப்பதைத் தடுத்தன. எடுக்கும் அளவையும் தரத்தையும் ஆராயக் கூட்டுக் குழுவும் அமைத்தன.

இலங்கை தீவு என்பதால் நமக்கு நிலத்தடியில் அயல்நாட்டுப் பங்காளி இல்லை. ஆனால் கோப்பாயில் வேலிக்கு வேலி பங்காளி உண்டு. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, உப்பு நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும். அயலவர் கிணறும் கெடலாம். மிஞ்சிய பசளையின் நைத்திரேற்றும் இதே வழியாகத்தான் இறங்குகிறது.

கிணறு உவரானால் வெங்காய விளைச்சல் குறையும். நமது கொள்முதல் விலை ஏறும். ஆகவே மாரிக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து எழுதிவைக்கும்படி, நாம் பொருள் வாங்கும் விவசாயிகளிடம் சொல்வோம். கடைக்கோ ஆலைக்கோ குழாய்க்கிணறு அடிப்பவர்களும் ஆழத்தில் பேராசை கொள்ளக்கூடாது. ஆண்டுக்கொரு முறை ஐந்தொகை பார்க்கும் நாம், இந்த முதலுக்கும் கணக்குப் பார்ப்போம்.