25 கோடியும் மூணு நம்பரும்

கேரளத்தின் திருவோணம் பம்பர் லாட்டரிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2022இல் 500 ரூபாய்ச் சீட்டு ஏறக்குறைய 66 லட்சம் விற்றது. வசூல் 330 கோடி; எல்லாப் பரிசுகளையும் கூட்டினால் சுமார் 126 கோடி. வாங்கியவர்கள் போட்ட 100 ரூபாயில் அவர்களிடம் திரும்பியது 38 ரூபாய். முதல் பரிசான 25 கோடியிலும் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்தில் வருமான வரி 30 சதவீதம் போக 15 கோடியே 75 லட்சம். சர்சார்ஜும் செஸ்ஸும் அதையும் குறைக்கும். அதை வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருகிறவர்களால் வீட்டில் இருக்கவே முடியவில்லை என்று சில நாட்களிலேயே வருந்தினார். ஆனாலும் பெரும் பரிசு ஆளை அழித்துவிடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சுவீடனில் லாட்டரி வென்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்து விசாரித்து 2020இல் வெளியான ஆய்வு, பெரிய தொகை வென்றவர்களின் வாழ்க்கை நிறைவு கூடியதாகவும், அது பத்தாண்டு கடந்தும் நிலைத்ததாகவும் காட்டியது. ஆகவே ஜெயித்தவரின் கதியைக் காட்டி லாட்டரியை எதிர்ப்பதில் பொருளில்லை. தோற்பவர் எத்தனை முறை தோற்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓணம் பம்பர் ஆண்டுக்கு ஒருமுறை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களின் கூலியைத் தின்பது அன்றாடம் ஓடும் மூணு நம்பர் லாட்டரியும் காட்டன் சூதாட்டமும்தான். கேரள அரசின் தினக் குலுக்கலில் வரும் கடைசி மூன்று எண்களை வைத்துத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி ஓய்வதேயில்லை. 66 லட்சத்தில் ஒன்று எட்டாத உயரம். ஆயிரத்தில் ஒன்றோ கைக்கெட்டும் தூரமாகத் தெரிகிறது. தெரிகிறதே தவிர, நாளுக்கு ஒரு சீட்டு வீதம் ஆண்டு முழுக்க எழுதுகிறவருக்கும் ஒருமுறைகூட விழாமல் போக நூற்றுக்கு 69 வாய்ப்பு உண்டு. போட்டதும் வந்ததும் சரியாக வேண்டுமானால் ஆயிரம் மடங்கு தர வேண்டும். அப்படித் தந்தால் நடத்துகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு எண்ணில் தவறிப்போனதை நெருங்கி வந்ததாக எண்ணி மறுநாளும் எழுதுகிறார்கள், கடன் வாங்கியும் எழுதுகிறார்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகள் உட்பட, மாண்டுபோனதற்குப் பின்னால் இருந்தது இந்த மூணு நம்பர் கடன்தான்.

அரசே நடத்தினால் கள்ளச் சீட்டு ஒழியுமே, கஜானாவும் நிரம்புமே என்பவர்கள் உண்டு. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று 1968இல் அண்ணா ஆட்சியில் பரிசுச் சீட்டு வந்ததும் இந்த நியாயத்தில்தான். 2003இல் ஜெயலலிதா அரசு தடை செய்ததால்தான் தொழில் தலைமறைவானது என்கிறார்கள். கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுச் சீட்டு தெருவெங்கும் கிடைக்கிறது. அந்த வருவாயிலிருந்து காருண்யா திட்டத்தின் வழியே நோயாளிகளுக்கு உதவியும் போயிருக்கிறது. அங்கேயும் கடைசி மூன்று எண்ணை வைத்து ‘எழுத்து லாட்டரி’ ஓடுகிறது, போலீஸ் பிடித்தபடியே இருக்கிறது. அரசுக் குலுக்கல் கள்ளச் சீட்டை ஒழிக்கவில்லை. தினமும் அதற்கு எண் கொடுக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூலிக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை வேறு எப்படிக் கையில் வரும்? மகள் கல்யாணமும் வீட்டு அட்வான்ஸும் மொத்தப் பணம் கேட்பவை. அந்த ஏக்கத்தைப் பேராசை என்று திட்டுவது கொடுமை. ஆனால் அதற்குப் பதிவு பெற்ற ஏலச்சீட்டு இருக்கிறது. நடத்துகிறவர் அதிகபட்சம் 7 சதவீதம்தான் கமிஷன் எடுக்கலாம் என்கிறது சட்டம். ஏலத்தில் தள்ளிய தொகை சந்தாதாரர்களுக்கே பிரிகிறது. பம்பரில் திரும்பாத 62 ரூபாயை இதோடு ஒப்பிடுங்கள். காட்பாடியில் ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவனத்தில் பணம் போட்டுத் தவித்தவர்களைப் பார்த்த வட்டாரம் எந்தச் சீட்டையும் சந்தேகிப்பது இயல்பே. அதனால்தான் பதிவு எண்ணைப் பார்க்கும் பழக்கத்தைத் தொழிற்சங்கங்களும் மகளிர் குழுக்களும் சம்பள நாளன்று கம்பெனி வாசலிலேயே சொல்லித்தர வேண்டும். துண்டுச் சீட்டு எழுதுகிறவரும் அன்றைக்குத்தான் வருவார்.