உள்ளே இடமில்லாத கடை

டீயை ஆற்றிக் குடியுங்கள், சொல்கிறேன். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரச் சதுக்கங்களில் பல பக்கங்கள் கொண்ட சின்ன இரும்புக் கடைகள் நிற்கும், தலையில் கும்பம் வைத்த கூரையோடு. 'கியோஷ்க்' என்பார்கள். 1869-இல் ரோசியு சதுக்கத்தில் முதல் கடை வந்தது. கடைக்காரர் நிற்க மட்டுமே உள்ளே இடம். சர்பத் வாங்கியவர் வெளியே நின்றுதான் குடித்தாக வேண்டும். நின்றால் பக்கத்து ஆளோடு பேச்சு வரும். இந்தக் கடைகளின் சூட்சுமமே அதுதான்.

பிறகு காலம் மாறியது. நாலு பேர் கூடிப் பேசினாலே சந்தேகப்பட்ட சர்வாதிகாரம் 1974 வரை நீடித்தது. சதுக்கங்களைக் கார்கள் பிடித்துக்கொண்டன. கடைகள் பூட்டிக் கிடந்து துருவேறின.

பத்திரிகையாளராக இருந்த கத்தரீனா போர்த்தஷ், ஜுவாவ் ரெகால் என்பவருடன் சேர்ந்து 2009-இல் மூன்று பழைய கடைகளைத் திறந்தார். ஒன்று கவிஞர் கமோயிஷின் சிலை நிற்கும் சதுக்கத்தில். மற்றவை பிரின்சிபி ரியாலிலும் ஃபுளோரெஷ் சதுக்கத்திலும். வண்ணம் பூசியதோடு அவர் நின்றிருந்தால் அவை காட்சிப் பொருளாகியிருக்கும். மறந்துபோன பானங்களையும் தேடி எடுத்தார். கப்பிலே என்று ஒன்று: பெரணி இலையைக் காய்ச்சிய பாகில் ஆரஞ்சுப் பூ மணம் சேர்த்து, குளிர்ந்த நீர் ஊற்றி, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு போட்டுத் தருவார்கள். நம் நன்னாரி சர்பத் போல, பாட்டி காலத்து ருசி. பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும் பாலும் உண்டு. ஊருக்கே உரிய இந்த ருசிகள் இல்லாமல் ஊர்க்காரர்கள் திரும்பி வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கூடவே சுற்றிலும் நாற்காலிகள் போட்டார்கள். இருட்டிய பிறகும் கடையில் விளக்கு எரியும். விளக்கும் ஆளும் இருக்கிற இடத்தில் தனியாக வரும் பெண்ணும் வயதானவரும் தயங்காமல் உட்காருவார்கள். ஒரு காபி விலைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. அது கண்டு நகரெங்கும் வேறு பலரும் கடை திறந்தார்கள்.

ஒரு கவலையும் உண்டு. சுற்றுலாக் கூட்டம் பெருகி, லிஸ்பனில் வீட்டு வாடகை எகிறிவிட்டது. பழைய குடித்தனக்காரர்கள் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டே போய்விட்டார்கள். கடையைச் சீர்செய்யும் மாநகராட்சி, அங்கே தினமும் வந்து உட்காரக்கூடியவர்களின் குடியிருப்பையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பேன்.