தீம் பார்க் போன அன்னைக்கே 'ஸ்டேக்' டின்னரா? மெனு முதல் பில் வரை... கிளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற குடும்பங்களுக்கு முதலில் ஞாபகம் வரும் இடம், பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் அருகே இருக்கும் குயின்ஸ்லேண்ட். பகல் முழுக்க ரைடு, தண்ணியில் ஆட்டம். சாயங்காலம் ஆனதும் அடுத்த கேள்வி: "நைட் சாப்பாடு எங்கே?"

முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்தான்: வழியில் ஒரு பிரியாணி. இப்போது ரீல்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "ஸ்டேக் சாப்பிடணும்பா" என்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தானே, போகட்டும் என்று அப்பாவும் தலையாட்டி விடுகிறார். ஆனால் ஸ்டேக் டின்னர் என்பது நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. தெரியாமல் போனால் பில்லைப் பார்த்ததும் சாப்பிட்டது செரிக்காது. தெரிந்துகொண்டு போனால் அதே காசுக்கு நல்ல சாப்பாடும் நிம்மதியும் கிடைக்கும். விவரமாகப் பார்ப்போம்.

ஸ்டேக்னா என்ன?

இறைச்சியை அதன் நார்களுக்குக் குறுக்கே, தடிமனான துண்டாக வெட்டி, அதிக சூட்டில் வாட்டி எடுப்பதுதான் ஸ்டேக். நம்ம வீட்டில் வஞ்சிரத்தை வட்டம் வட்டமாக வெட்டி வறுக்கிறோமே, அந்த வெட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அதனால்தான் ஓட்டல் மெனுவில் 'ஃபிஷ் ஸ்டேக்' என்றும் இருக்கும்.

ஆனால் ஸ்டேக் என்று மட்டும் சொன்னால் உலகம் முழுக்க அது மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். மெனுவில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் இவை:

- டெண்டர்லாயின்: முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் தசை. மாடு அதிகம் பயன்படுத்தாத தசை என்பதால் மிக மென்மையானது. நம்ம ஊர் கறிக்கடையில் 'அண்டர்கட்' என்பார்கள். ஒரு மாட்டில் மிகக் கொஞ்சமே கிடைக்கும், அதனால் விலை அதிகம்.
- ரிப்ஐ: விலா எலும்புப் பகுதி. நடுவில் கொழுப்பு இழையோடும், சுவை அதிகம்.
- சர்லாயின்: இடுப்புக்கு முன்னால் இருக்கும் பகுதி. கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும்.

இரும்புத் தட்டில் புகை பறக்க 'ஸ்ஸ்ஸ்' என்று வருவது ஸிஸ்லர். அதில் சோறு, நூடுல்ஸ், காய்கறி, சாஸ் எல்லாம் இருக்கும். இரண்டும் வேறு வேறு. பிள்ளைகள் வீடியோவில் பார்த்தது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் அவர்கள் கேட்பது ஸிஸ்லராகத்தான் இருக்கும். அது கிடைக்கும் இடங்களும் அதிகம், செலவும் குறைவு.

பீஃபா, பஃபா? கேட்பதில் தப்பே இல்லை

இந்தியாவுக்குள் மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. நாட்டிலிருந்து பெருமளவில் ஏற்றுமதி ஆவது எருமை இறைச்சி. தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி விற்கவோ சாப்பிடவோ தடை இல்லை. பசுவையும் கிடாரியையும் வெட்டுவதற்கு 1976-ம் ஆண்டு அரசாணை தடை விதித்திருக்கிறது. மற்றபடி 1958-ம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் பொருந்தும்.

இதில் நமக்கு என்ன? மெனுவில் 'வெளிநாட்டு மாட்டிறைச்சி' என்று சொல்லி எக்கச்சக்க விலை போட்டிருந்தால், அது எங்கிருந்து எப்படி வந்தது என்று தயங்காமல் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் அந்த விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆட்டிறைச்சிக்கு இந்தத் தடை கிடையாது. ஆஸ்திரேலியாவுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்தபோது, அங்கிருந்து வரும் செம்மறி இறைச்சி மீதிருந்த 30% இறக்குமதி வரியும் நீக்கப்பட்டது. அதனால் 'ஆஸ்திரேலியன் லேம்ப்' என்று மெனுவில் இருந்தால் அது நம்பக்கூடிய விஷயம்தான்.

வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால், சிக்கன், மீன், லேம்ப் வகைகள் தனியாக இருக்கிறதா, ஒரே கிரில்லில் வாட்டுகிறார்களா என்று டேபிள் புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சர்வரிடம் கேட்பதைவிட போனில் கேட்பது சுலபம்.

'ரேர்', 'மீடியம்', 'வெல்டன்'... எதைச் சொல்றது?

ஆர்டர் எடுக்கும்போது வரும் முதல் கேள்வி இதுதான். இறைச்சியின் நடுப்பகுதி எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்பதற்கான அளவு அது.

- ரேர்: நடுவில் சிவப்பாக, சுமார் 50 டிகிரி செல்சியஸ்
- மீடியம் ரேர்: சுமார் 55 டிகிரி
- மீடியம்: இளஞ்சிவப்பாக, 60 டிகிரிக்கு மேல்
- வெல்டன்: முழுக்க வெந்தது, 70 டிகிரிக்கு மேல்

வெட்டும்போது வழியும் சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது.

பாதுகாப்பு விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிருமிகள் பெரும்பாலும் இறைச்சியின் மேற்பரப்பில் இருக்கும், அதிக சூட்டில் வாட்டும்போது அழிந்துவிடும். கைமாவில் அப்படி இல்லை, அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடும். அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் (பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும்), கைமாவுக்கு 71 டிகிரியும் என்று பரிந்துரைக்கிறது. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் வெல்டன்தான் சரி. பர்கர் எதுவாக இருந்தாலும் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. 'வெல்டன்னு சொன்னா நம்மளை பட்டிக்காடுன்னு நினைப்பாங்களோ' என்ற கூச்சமே வேண்டாம். காசு கொடுப்பது நீங்கள்.

இன்னொன்று: மெனுவில் 200 கிராம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பச்சை இறைச்சியின் எடை. வெந்து தட்டுக்கு வரும்போது குறைந்துதான் இருக்கும்.

பில்லில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரே அளவு சாப்பாடு, ஆனால் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஜிஎஸ்டி மாறும்.

தனி உணவகங்கள், மால்களில் இருக்கும் உணவகங்கள்: 5%. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே வரிதான். 2017 நவம்பர் 15 முதல் இந்த நிலை.

பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்கள்: 18%. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு அறையை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்தால், அந்த வளாகத்தில் இருக்கும் உணவகத்துக்கு 18% வரி. தாமாக முன்வந்து இந்த வகையைத் தேர்வு செய்த ஓட்டல்களுக்கும் இதே வரிதான்.

மது: ஜிஎஸ்டி கிடையாது. மாநில அரசின் வாட் வரி தனி.

இதோடு சில இடங்களில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி... மன்னிக்கவும், அது வரியே இல்லை! அரசுக்குப் போகாத பணம் அது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உணவகம் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28-ல் தள்ளுபடி செய்தார்.

ஒரு உதாரணக் கணக்கு. நான்கு பேர் சாப்பிட்டது 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- தனி உணவகம் (5%): 6,300 ரூபாய்
- ஸ்டார் ஓட்டல் (18%): 7,080 ரூபாய்
- ஸ்டார் ஓட்டல், 10% சர்வீஸ் சார்ஜும் சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போட்டால்: 7,788 ரூபாய்

முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 1,488 ரூபாய். அந்தக் காசில் வழியில் ஒரு குடும்பமே பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பரிமாறியவர் நன்றாகக் கவனித்தால் டிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் விருப்பம்.

ஒரே நாளில் இரண்டும் சரிப்படுமா?

அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டில் சரிப்படும். அங்கே பார்க்கும் தங்கும் ஓட்டலும் ஸ்டேக் ஹவுஸும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 60 நாட்களுக்கு முன்பே டேபிள் புக் செய்யும் வசதியும் உண்டு. ரைடு முடிந்து ரூமுக்குப் போய் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, அப்படியே சாப்பிடப் போகலாம். நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸும் செந்தோசாவில் ஓட்டல்களோடு சேர்ந்தே இருக்கிறது. ஆனால் அங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார்: 10% சர்வீஸ் சார்ஜும் 9% ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம்.

நம்ம கதை வேறு. செம்பரம்பாக்கத்திலிருந்து ஆவடி, அம்பத்தூர் போகிறவர்களுக்கு நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறினால் வீடு பக்கம். ஆனால் பெரிய ஓட்டல்கள் இருப்பது எதிர்த்திசையில். மணப்பாக்கத்தில் ஃபெதர்ஸ், ஈக்காட்டுத்தாங்கலில் ஹில்டன், கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா என்று எல்லாமே போரூரைத் தாண்டி. அதுவும் சாயங்கால நெரிசலில். திரும்பி வர இன்னொரு பயணம். நாள் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் ஆடிய பிள்ளை, ஸ்டேக் வருவதற்குள் தட்டின் மேலேயே தூங்கி விழும். ஈர உடை, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு போனால் சில உணவகங்களில் உள்ளே விடவும் தயங்குவார்கள்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. தனி நாள்: இதுதான் சிறந்த வழி. பார்க் அன்று வழியில் எளிமையாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஸ்டேக்கை அதே விடுமுறையில் இன்னொரு நாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் மதிய செட் மெனு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் இரவைவிட மலிவாக இருக்கும்.
2. அன்றேதான் வேண்டும் என்றால்: பார்க்கிலிருந்து 4 மணிக்கே கிளம்புங்கள். மாற்றுத் துணி, ஷூ காரில் இருக்கட்டும். 7 மணிக்கு டேபிள் புக் செய்யுங்கள்.
3. நடுவழி: டேபிளிலேயே கிரில் வைக்கும் பார்பிக்யூ பஃபே. ஆளுக்கு இவ்வளவு என்று விலை முன்பே தெரியும், பில்லில் அதிர்ச்சி குறைவு. ஆனால் பசி அதிகம் இல்லாத சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருந்தால் பஃபே நஷ்டம்தான்.

போனில் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

மெனுவும் விலையும் அடிக்கடி மாறும். பழைய வீடியோவை நம்பிப் போக வேண்டாம். புக் செய்யும்போதே கேளுங்கள்:

- இன்றைக்கு ஸ்டேக் இருக்கிறதா? எந்த இறைச்சி, எத்தனை கிராம்?
- உருளைக்கிழங்கு, காய்கறி, சாஸ் அந்த விலையிலேயே அடக்கமா, தனியா?
- ஜிஎஸ்டி 5 சதவீதமா, 18 சதவீதமா? சர்வீஸ் சார்ஜ் போடுவீர்களா?
- பிள்ளைகளுக்குத் தனி மெனு, தனி விலை உண்டா? எத்தனை வயது வரை?
- உடைக் கட்டுப்பாடு இருக்கிறதா?
- கேக் கொண்டு வரலாமா? அதற்குக் கட்டணம் உண்டா?

உட்கார்ந்ததும் கொண்டுவரும் பாட்டில் தண்ணீரைத் திறக்கும் முன், "சாதாரண தண்ணி போதும்ணா" என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு ஸ்டேக் வேண்டாம். முதல் தடவை என்றால் இரண்டு வாங்கி நான்கு பேர் பகிர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், பிடித்தால் இன்னொன்று சொல்லலாம். பில் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அப்படிப் பார்ப்பதற்கு எந்த ஸ்டார் ஓட்டலிலும் கட்டணம் கிடையாது!

வண்டி ஓட்டுகிறவர் மட்டும் அன்று மது பக்கமே போக வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ராத்திரி நேரத்தில் கனரக வாகனங்கள் அதிகம். பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது உங்கள் பிள்ளைகள்.