1-ன் அடுக்கு முடிவிலி, 1தானா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தேறப்பெறாத வடிவங்கள் பாடம் வந்தா ரெண்டு ஊர்லயும் ஒரே கேள்விதான்: "சார், 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1தானே? அப்புறம் 1-ன் அடுக்கு முடிவிலி எப்படித் தேறப்பெறாத வடிவம் ஆகுது?" இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப் போறோம்.

வட்டிக் கணக்கா யோசிங்க. 1 ரூபாய்க்கு வருஷத்துக்கு 100 சதவீத வட்டி. வருஷக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தா 2 ரூபாய். மாசாமாசம் கூட்டு வட்டி போட்டா சுமார் 2.613. தினமும் போட்டா சுமார் 2.715. நொடிக்கு நொடி சேர்த்துக்கிட்டே போனா பணம் அளவில்லாம வளருமா? 17-ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் பெர்னூலி ஆராய்ந்த கேள்வி இது.

கணக்கா எழுதினா, அடைப்புக்குள்ள 1 கூட்டல் 1 பை எக்ஸ். அதுக்கு அடுக்கு எக்ஸ். எக்ஸ் பெருசாகப் பெருசாக அடிமானம் 1-ஐ நெருங்குது, ஆனா 1 ஆகிடறதில்லை. அடுக்கோ மேலே இழுக்குது. யார் ஜெயிப்பாங்கன்னு பார்த்ததும் சொல்ல முடியாது.

இங்கேதான் மடக்கை உதவுது. லாக் எடுத்தா அடுக்கு கீழே இறங்கிப் பெருக்கலா மாறும்: எக்ஸ் பெருக்கல் லாக் (1 கூட்டல் 1 பை எக்ஸ்). இது முடிவிலி பெருக்கல் 0. இப்போ 1 பை எக்ஸை 'டி'ன்னு வைங்க. லாக் (1 கூட்டல் டி) பை டி. டி 0-ஐ நெருங்கும்போது இது 0 பை 0. லோபிதாலின் விதிக்கு ஏற்ற வடிவம். மேலேயும் கீழேயும் தனித்தனியா வகையிடுங்க. வகுத்தல் விதி இங்கே கிடையாது. மேலே 1 பை (1 கூட்டல் டி), கீழே 1. எல்லை 1.

நிறைய பேர் இங்கேயே பேனாவை வச்சுடறாங்க, மார்க் போயிடுது. அந்த 1 லாக்கோட எல்லைதான். அதிலிருந்து திரும்பி வரணும். விடை 'ஈ'யின் அடுக்கு 1, சுமார் 2.718. பணம் அதைத் தாண்டாது.

1 பை எக்ஸுக்குப் பதிலா 3 பை எக்ஸ் போட்டா ஈ கியூப், சுமார் 20.09. 1 பை எக்ஸ் ஸ்கொயர் போட்டா 1. மூணும் ஒரே வடிவம், விடை வேற வேற. அதனாலதான் வடிவத்தை மட்டும் பார்த்து விடை எழுதக் கூடாது.

இந்த விதி அச்சில் வந்தது 1696-ல், லோபிதாலின் நூலில். கண்டுபிடிச்சவர் அவருக்குச் சம்பளத்துக்குப் பாடம் சொன்ன ஜோஹன் பெர்னூலி, ஜேக்கப்போட தம்பி. அண்ணனோட வட்டிக் கேள்வியைத் தம்பியோட விதியால நாம இப்போ முடிச்சிருக்கோம்.

நீங்க போட்டுப் பார்க்க ஒண்ணு: எக்ஸின் அடுக்கு எக்ஸ், எக்ஸ் வலப்புறமிருந்து 0-ஐ நெருங்கும்போது. 1 வரணும்.